ஓட்டோ கியரை அடிக்காமல் மாற்றுங்கள்: திருகோணமலையில் புதிதாகக் கார் எடுத்தவர்களுக்கு

ஓட்டோ கியர் கார் என்றால் ஒன்றும் செய்யத் தேவையில்லை, டிரைவில் போட்டு அக்சலரேட்டரை மிதித்தால் போதும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் சொல்லிக் கொடுக்கிறார்கள். கார் நகர்வதற்கு அது போதும். அந்தக் கியர் பொக்ஸ் பல வருசம் உழைக்க வேண்டுமென்றால் போதாது. இங்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியதே 2025 பெப்ரவரியில்தான். அதனால் நம்மில் பலருடைய முதல் கார் ஏற்கெனவே இரண்டு மூன்று கை மாறிய ஒரு விட்ஸ், எக்ஸியோ அல்லது வெகன் ஆர். அதன் கியர் பொக்ஸ் போனால் வேறொன்று தேடி மாட்டுகிற செலவு சாதாரணக் குடும்பத்தால் தாங்கக்கூடியது அல்ல, அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பழக வேண்டியவை இரண்டு. சில்லு முழுதாக நின்ற பிறகே முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றுவது ஒன்று. லீவரைத் தள்ளியதும் கியர் பிடிக்கும்வரை ஒரு மூச்சு பொறுப்பது மற்றது. கீழே வருவதில் பாதி இந்த இரண்டையும் எங்கே எப்படிச் செய்வது என்பதுதான், மீதி சூட்டைப் பற்றியது. ஓட்டோ கியர் பொக்ஸுக்கு அடியும் சூடும்தான் எமன்.

முதலில் உங்கள் காரில் இருப்பது என்ன பொக்ஸ் என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் நாம் ‘ஓட்டோ’ என்கிறோம், உள்ளே இருப்பது ஒன்றல்ல. பழைய வகையில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் ஓயில் நிறைந்த டோர்க் கன்வேர்ட்டர் இருக்கும், கியர் மாற்றுவதைக் கிளச்சுத் தட்டுகள் பார்த்துக்கொள்ளும். பிந்திய விட்ஸ், எக்ஸியோ, பிரீமியோ, ஜப்பானிய வெகன் ஆர் போன்றவற்றில் பெரும்பாலும் சீவிடி, அதாவது இரண்டு கப்பிகளுக்கு நடுவில் ஓடும் இரும்பு பெல்ட். அந்தப் பெல்ட் ஒருமுறை வழுக்கினாலே கப்பியில் கீறல் விழலாம், கீறல் விழுந்த கப்பி பிறகு பெல்ட்டைத் தின்னும். ஹொண்டா வெசல் ஹைபிரிட்டிலும் ஃபிட் ஜிபி 5 ஹைபிரிட்டிலும் இரட்டைக் கிளச்சு கொண்ட 7 கியர் பொக்ஸ். அதன் கிளச்சு ஓயிலில் நனையாத உலர்ந்த வகை, நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் சூடேறிவிடும். இந்தியாவில் இருந்து வந்த ஓட்டோ ஆல்டோ, செலேரியோ மாதிரியானவற்றில் உள்ளே இருப்பது சாதாரண மனுவல் பொக்ஸ்தான், கிளச்சை நமக்குப் பதிலாக ஒரு கருவி மிதிக்கிறது, அவ்வளவே. அதில் பார்க் என்ற இடமே இருக்காது. டொயோட்டா அக்குவா, பிரியஸ் இரண்டும் தனி ரகம். மோட்டார்களும் ஒரு பல்சக்கரத் தொகுதியும் மட்டுமே, டிரைவுக்கும் ரிவேர்ஸுக்கும் லீவர் வெறும் சுவிட்ச். அடி வாங்கத் தட்டு இல்லாததால் அவற்றை ஓட்டுபவர்களுக்கு இதில் பாதிக் கவலை இல்லை. என்றாலும் நிறுத்தி மாற்றும் பழக்கம் அவர்களுக்கும் வேண்டும், நாளைக்கு வேறு கார் ஓட்ட நேர்ந்தால் கை பழைய பழக்கத்தைத்தான் செய்யும்.

கிளம்பும்போது

மனுவல் ஓட்டிப் பழகியவர்கள் முதலில் இடது காலை ஓரமாக வைத்துவிட வேண்டும். அதற்கு இனி வேலை இல்லை. கிளச்சு என்று நினைத்து அந்தக் கால் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும், பின்னால் வருகிற முச்சக்கர வண்டி நம் டிக்கியில் வந்து நிற்கும். சிலர் இடது கால் பிரேக்கில், வலது கால் அக்சலரேட்டரில் என்று ஓட்டுகிறார்கள். அது இன்னும் கெடுதல், தெரியாமலே இரண்டையும் சேர்த்து அழுத்துவார்கள், அந்த இழுபறி முழுக்கக் கியர் பொக்ஸுக்குள் சூடாக மாறும்.

பிரேக்கை மிதித்தபடி பார்க்கில் ஸ்டார்ட் செய்யுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் சற்று உயர்ந்த வேகத்தில் ஓடும், எஞ்சின் வேகத்தைக் காட்டும் ஊசி 1200, 1500 என்று நிற்கும். அது இறங்கி 1000க்குக் கீழே வரும்வரை பொறுங்கள். நம்மூர்ச் சூட்டுக்கு அதிக நேரம் எடுக்காது, சீட் பெல்ட்டைப் போட்டுக் கண்ணாடியைச் சரிசெய்து முடிப்பதற்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். ஊசி இல்லாத காரில் காது போதும், இரைச்சல் தணிவது கேட்கும். உயர்ந்த வேகத்தில் ஓடுகிற எஞ்சினோடு டிரைவிலோ ரிவேர்ஸிலோ தட்டினால் டக்கென்று ஒரு இடி வருகிறதே, அதைத்தான் தினமும் காலையில் தவிர்க்கப் பார்க்கிறோம்.

வேகம் இறங்கிய பிறகு, கால் பிரேக்கிலேயே இருக்க, லீவரை நிதானமாக டிரைவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போதுதான் பொறுக்க வேண்டிய அந்த ஒரு மூச்சு. கியர் பிடிக்கும்போது கார் லேசாகக் குலுங்கும், எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனக்கும். அதை உணர்ந்த பிறகு ஹான்ட் பிரேக்கை இறக்கி, கால் பிரேக்கை மெல்ல விட்டு, கார் தானாக ஊர்ந்து ஓரடி நகர்ந்ததும் அக்சலரேட்டரைத் தொடுங்கள். லீவர் போய்ச் சேருவதற்கு முன்பே மிதிக்கிறவர்கள் நிறையப் பேர். பிடித்தும் பிடிக்காமலும் இருக்கிற தட்டு அந்த இடைவெளியில்தான் உரசித் தேய்கிறது.

ரிவேர்ஸும் டிரைவும்

என்னைக் கேட்டால் நம்மூரில் கியர் பொக்ஸ்கள் அதிகம் அடி வாங்குவது நெடுஞ்சாலையில் இல்லை, ஒழுங்கையில்தான். சந்தைப் பக்கம் ஒரு இடுக்கில் காரைத் திருப்ப வேண்டும், பின்னால் ஒருவர் ஹோர்ன் அடிக்கிறார், முன்னால் சைக்கிள். அவசரத்தில் பின்னுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே லீவரை டிரைவுக்குத் தள்ளிவிடுகிறோம். கார் உடனே நின்று முன்னால் பாய்கிறது, வேலை முடிந்த மாதிரித் தெரிகிறது. உண்மையில் பின்னால் உருளும் ஒரு டன் எடையை நிறுத்தியது பிரேக் இல்லை. பிரேக் செய்ய வேண்டிய வேலையைக் கிளச்சுத் தட்டின் தலையில் கட்டிவிட்டோம். பிரேக் பேட் கழற்றி மாற்றுகிற பொருள், விலையும் குறைவு. கியர் பொக்ஸுக்குள் இருக்கும் தட்டை மாற்ற முழுப் பொக்ஸையும் இறக்க வேண்டும்.

ஆகவே ரிவேர்ஸில் வந்தால் பிரேக்கை மிதித்து முழுதாக நில்லுங்கள். நின்றதா என்று தெரியாவிட்டால் பக்கவாட்டுச் சுவரையோ கதவையோ ஒரு கணம் பாருங்கள், முன்னால் பார்த்துக்கொண்டிருந்தால் மெல்ல உருள்வது கண்ணுக்குத் தெரியாது. நின்றதும் டிரைவ், பிடிக்கும்வரை பொறு, பிறகு நகர்வு. ஹோர்ன் அடிப்பவர் இரண்டு விநாடி கூடுதலாக அடித்துவிட்டுப் போகட்டும்.

கைக்கு ஒரு நுணுக்கம். லீவரில் பொத்தான் உள்ள பெரும்பாலான கார்களில் டிரைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பொத்தானை அழுத்தாமலே போய்வரலாம். ரிவேர்ஸுக்கும் பார்க்குக்கும் போகத்தான் பொத்தான் வேண்டும். பொத்தானை எப்போதும் அழுத்திக்கொண்டே லீவரைத் தள்ளப் பழகினால், ஒருநாள் நியூட்ரலுக்குப் போக நினைத்த கை ஓடிக்கொண்டிருக்கும் காரை ரிவேர்ஸுக்குள் தள்ளிவிடும். தேவையில்லாத இடத்தில் பொத்தானில் விரல் வைக்காதீர்கள்.

பார்க்கும் அப்படித்தான். சில்லு உருண்டுகொண்டிருக்கும்போது பார்க்கில் தள்ளினால் கறகறவென்று ஒரு சத்தம் வரும். பார்க் என்பது ஒரு பல்சக்கரத்தின் இடுக்கில் போய் விழுகிற சின்ன இரும்பு நாக்கு. சுற்றுகிற பற்கள் அதன் நுனியைத் தட்டித் தட்டிப் போவதுதான் அந்தச் சத்தம்.

ஓடும்போது லீவரை விட்டுவிடுங்கள்

மனுவல் கைப்பழக்கத்தில் ஒவ்வொரு தடவை பிரேக் அடிக்கும்போதும் நியூட்ரலுக்குத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். கோட்டைப் பக்கம் புள்ளிமான் ஒன்று திடீரென்று வீதிக்குள் வந்தால் டிரைவிலேயே பிரேக்கை அழுத்துங்கள், பொக்ஸ் தானே கீழ்க் கியருக்கு வந்துவிடும். மான் போனதும் காலை விட்டால் கார் போகும்.

கலர் லைட்டிலும் அரை நிமிசம், ஒரு நிமிசம் என்றால் டிரைவில், கால் பிரேக்கில் இருங்கள். நிற்கும் ஒவ்வொரு தடவையும் நியூட்ரலுக்குப் போய் மறுபடி டிரைவுக்கு வருவது தட்டுகளுக்கு வீணான வேலை. ரயில் கடவையில் கேற் பூட்டி, நீண்ட நேரம் நிற்கப் போகிறோம் என்றால் மட்டும் நியூட்ரலுக்கு மாற்றி ஹான்ட் பிரேக்கை இழுக்கலாம். வெசல், ஃபிட் ஹைபிரிட், ஓட்டோ ஆல்டோ வைத்திருப்பவர்கள் நெரிசலில் முன் வண்டியோடு ஒட்டி ஒட்டி ஊராமல், இரண்டு மூன்று கார் நீளத்துக்கு இடம் விழும்வரை பிரேக்கில் நின்று பிறகு ஒரேயடியாகப் போங்கள். திருவிழா நாளில் பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் போனால் இதன் அருமை தெரியும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சம் என்பது இன்னும் சாகாத நம்பிக்கை. இன்றைய இஞ்செக்ஷன் எஞ்சின்களில் டிரைவில் இருந்தபடி அக்சலரேட்டரை விட்டால் பெற்றோல் தெளிக்கும் ஊசிகள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும், சில்லுதான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் எஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளப் பெற்றோல் குடிக்கும். எஞ்சின் காரை இழுத்துப் பிடிக்கிற பிடியும் போய்விடும். மறுபடி டிரைவுக்குத் தள்ளும்போது சில்லின் வேகமும் எஞ்சினின் வேகமும் பொருந்தாமல் ஒரு இழுப்பு. மூன்று பக்கமும் நட்டம்.

அக்சலரேட்டரைப் பற்றிச் சுருக்கமாக: மென்மையாக ஏற்றுங்கள், கியர் மேலே போக வேண்டிய இடத்தில் காலை ஒரு இழை தளர்த்தினால் இடிக்காமல் மென்மையாக மாறும். நிலாவெளி வீதி நேராகவும் சமமாகவும் இருப்பதால் விடிகாலையில் இதைப் பழக நல்ல இடம். ஹபரணை வீதியில் லொறியை முந்துவதற்கு ஒருமுறை முழுதாக மிதிப்பதால் ஒன்றும் ஆகாது, அதற்காகத்தான் அந்த வசதியே. சந்திக்குச் சந்தி அப்படி மிதிப்பதுதான் கேடு.

கோணேசர் கோயில் ஏற்றத்தில் நிறுத்துவது

சமதரையிலேயே வாழ்கிற நமக்குச் சரிவில் பார்க் செய்கிற பழக்கம் குறைவு. கோட்டைக்குள்ளால், கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைக்கு ஏறும் வீதியிலும் ஓர்ஸ்ஹில் பக்கமும்தான் அது தேவைப்படுகிறது, அங்கேதான் பலர் பிழையாகவும் செய்கிறார்கள். வந்து நின்றதும் நேராகப் பார்க், பிறகு பிரேக்கில் இருந்து காலை எடுத்தல், கார் ஓரடி வழுக்கி டங்கென்று நிற்கும், அதன்பிறகு ஹான்ட் பிரேக். இப்போது காரின் முழு எடையும் அந்தச் சின்ன இரும்பு நாக்கில் தொங்குகிறது. கும்பிட்டுவிட்டு வந்து கிளம்பும்போது லீவர் இறுகி நிற்கும், இழுத்தால் வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம்.

செய்ய வேண்டிய முறை இது. கால் பிரேக்கில் முழுதாக நிறுத்துங்கள். பிரேக்கை விடாமல் லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். ஹான்ட் பிரேக்கை நன்றாக இழுங்கள். இப்போது கால் பிரேக்கை மெல்லத் தளர்த்துங்கள், கார் ஒரு அங்குலம் அசைந்து ஹான்ட் பிரேக்கில் உட்காரும். உட்கார்ந்த பிறகு மறுபடி கால் பிரேக்கை மிதித்துப் பார்க்கில் போட்டு எஞ்சினை நிறுத்துங்கள். எடையை ஹான்ட் பிரேக் சுமக்கிறது, பார்க் காவலுக்கு மட்டும் நிற்கிறது. காலை தளர்த்தும்போது கார் உட்காராமல் உருண்டுகொண்டே போனால் உங்கள் ஹான்ட் பிரேக் தளர்ந்திருக்கிறது, அதை முதலில் சரிசெய்யுங்கள். இறக்கத்தைப் பார்த்து நிற்கிறீர்கள் என்றால் முன் சில்லுகளை ஓரக்கல்லுப் பக்கம் திருப்பி வையுங்கள். பார்க் இல்லாத ஓட்டோ ஆல்டோ என்றால் ஹான்ட் பிரேக்கோடு சில்லுக்கு ஒரு கல்லும் வைப்பதில் வெட்கம் எதுவும் வேண்டாம்.

கிளம்பும்போது தலைகீழ் வரிசை: கால் பிரேக், ஸ்டார்ட், பார்க்கில் இருந்து டிரைவ், பிடிக்கும்வரை பொறு, கடைசியாகத்தான் ஹான்ட் பிரேக்கை இறக்குவது.

ஏற்றத்தில் வரிசையில் நிற்கும்போது அக்சலரேட்டரை லேசாக மிதித்துக் காரை அந்தரத்தில் பிடித்து வைக்காதீர்கள். கால் வலிக்காது என்பது உண்மைதான், ஆனால் எஞ்சின் தள்ளுகிறது, சில்லு நகரவில்லை, நடுவில் இருக்கிற ஓயிலும் கிளச்சும் வேகின்றன. பிரேக்கில் நில்லுங்கள். பின்னால் உருண்டுவிடும் என்று பயமாக இருந்தால் ஹான்ட் பிரேக்கைப் போட்டு, அக்சலரேட்டரை மெல்ல ஏற்றி, கார் இழுப்பது தெரிந்ததும் ஹான்ட் பிரேக்கை விடுங்கள்.

இறங்கும்போது, இறக்கம் தொடங்கும் முன்பே லீவரில் இருக்கும் எல் (L), 2, எஸ் (S) அல்லது பி (B, பார்க் அல்ல), உங்கள் காரில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள், எஞ்சினே காரைப் பிடித்து இறக்கும். கோயில் இறக்கம் சின்னதுதான். நுவரெலியா போய் ரம்பொடை வழியாக இறங்குகிற நாளில் இந்தப் பழக்கம் பிரேக்கைக் காப்பாற்றும், உங்களையும் காப்பாற்றும்.

மணல், வெள்ளம், சூட்டு விளக்கு

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடல் தெரிகிறது என்று வீதியை விட்டு இறக்கி, மணலில் சில்லு புதைந்த பிறகு டிரைவ், ரிவேர்ஸ், டிரைவ், ரிவேர்ஸ் என்று ஆட்டி ஆட்டி எடுக்கப் பார்ப்பது கண்கொண்டு பார்க்க முடியாத காட்சி. சுற்றுகிற சில்லோடு திசை மாற்றுவது, மிதிக்கிற மிதியில் சூடேறுவது, சுற்றிக்கொண்டிருந்த சில்லு திடீரெனப் பிடிக்கும்போது விழுகிற அடி, எல்லாம் ஒரே இடத்தில். சீவிடிக்கு இதைவிடக் கெட்ட நாள் கிடையாது.

சில்லு ஒருமுறை வீணாகச் சுற்றியதும் காலை எடுத்துவிடுங்கள். எல்லோரையும் இறக்குங்கள். சில்லுக்கு முன்னும் பின்னும் மணலைத் தோண்டி ஒதுக்கி, தென்னோலையோ பலகையோ காரின் கால்மிதி விரிப்போ வையுங்கள். டயர்க் காற்றை 32இல் இருந்து 20 வரை இறக்கினால் டயர் தட்டையாகி மணலில் பரவும். பிறகு மிக மெல்லிய மிதியில், ஒரே திசையில், ஆட்கள் தள்ள வெளியே வாருங்கள். காற்று நிரப்பும்வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும்.

நவம்பரில் இருந்து ஜனவரி வரை மழைக் காலத்தில் தண்ணீர் தேங்கிய இடங்களில் இன்னொரு ஆபத்து. கியர் பொக்ஸுக்கு மூச்சு விட ஒரு சின்னத் துவாரம் உண்டு. சூடான பொக்ஸ் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அந்தத் துவாரத்தால் தண்ணீரை உறிஞ்சக்கூடும். ஆழமான தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்ய முன் ஓயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த மாதிரிக் கலங்கி இருந்தால் ஓட்டவே கூடாது.

தம்புள்ளை தாண்டிக் கண்டிப் பக்கம் ஆட்கள் நிறைய ஏறி, ஏசியும் ஓட, ஏற்றத்தில் போகும்போது கியர் பொக்ஸ் சூட்டு எச்சரிக்கை எரிந்தால் ஓரமாக நிறுத்திப் பார்க்கில் போடுங்கள், ஏசியை அணையுங்கள். பெரும்பாலான கார்களில் எஞ்சினை அணைக்கக் கூடாது, எஞ்சின் ஓடினால்தான் ஓயில் சுற்றிக் குளிரும். விளக்கு அணைந்த பிறகு போங்கள்.

ஓயில்

இதில் கஞ்சத்தனம் வேண்டாம். 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது நம்மூர்ச் சூட்டுக்கு நியாயமான கணக்கு, கார்ப் புத்தகம் அதைவிடக் குறைவாகச் சொன்னால் புத்தகத்தைக் கேளுங்கள். ரீகண்டிஷன் கார்களில் புத்தகம் ஜப்பான் மொழியில் இருக்கும், ஃபோன் கமெராவில் மொழிபெயர்த்துப் பார்க்கலாம். எந்த ஓயில் என்பது எப்போது என்பதைவிட முக்கியம். ஹொண்டா சீவிடிக்கு எச்சீஎஃப் 2, டொயோட்டா சீவிடிக்கு எஃப்ஈ, நிசானுக்கு என்எஸ் 3 என்று ஒவ்வொன்றும் வேறு, ஒரே கம்பனிக்குள்ளும் வருசத்துக்கு வருசம் மாறும். சீவிடியில் பெல்ட்டும் கப்பியும் ஒன்றையொன்று பிடிப்பதே அந்த ஓயிலின் தன்மையால்தான், சாதாரண ஓட்டோ ஓயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கும். ‘எல்லாத்துக்கும் ஒரே ஓயில்தான்’ என்று கராஜில் சொன்னால் கேனைக் கையில் வாங்கி எழுதியிருப்பதைப் படியுங்கள், பொருந்தாவிட்டால் ஊற்ற விடாதீர்கள். இறக்கிய ஓயில் கறுத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே ஏதோ உரசியிருக்கிறது என்று அர்த்தம். டிரைவுக்குத் தள்ளி இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் பிடிக்கிறது, அல்லது பிடிக்கும்போது இடிக்கிறது என்றாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

கார் நின்றுவிட்டால்

ஓட்டோ காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. எஞ்சின் ஓடாமல் பொக்ஸுக்குள் ஓயில் அழுத்தம் வராது, கியரும் பிடிக்காது. பட்டரி இறங்கியிருந்தால் இன்னொரு பட்டரியில் இருந்து வயர் போட்டு எடுங்கள். கந்தளாய்க் காட்டுப் பக்கம் நின்றுவிட்டது என்று கயிறு கட்டி இழுத்து வரவும் வேண்டாம், ஓயில் சுற்றாத பொக்ஸை அத்தனை தூரம் சுழற்றினால் உள்ளே வறண்டு தேயும். முன் சில்லால் ஓடும் கார் என்றால் முன் சில்லுகள் நிலத்தில் படாமல் தூக்க வேண்டும், அக்குவா, பிரியஸ் என்றால் கட்டாயம், அவற்றில் முன் சில்லு சுழன்றால் உள்ளே மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். முழுக் காரையும் மேலே ஏற்றிக்கொண்டு போகிற லொறியைக் கூப்பிடுவதுதான் எல்லாக் காருக்கும் பொருந்தும். கூப்பிடும்போதே கார் ஓட்டோ என்றும் எந்த மொடல் என்றும் சொல்லிவிடுங்கள், சிலர் சொல்லாவிட்டால் கயிற்றோடுதான் வருவார்கள்.